உறங்கிய இளவரசிகளும் விழித்த அல்லியும்

கார்ட்டூன் படங்களைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதத்தான் வேண்டுமா என்று கேட்கக்கூடிய நண்பர்கள் இருக்கிறார்கள். பெர்க்மன் என்றால் பேசலாம், ரே என்றால் ராத்திரி முழுக்கப் பேசலாம், வால்ட் டிஸ்னி என்றால் முகம் சுளிக்கும் என்பது நம் வட்டத்தின் வழக்கம். ஆனால் ஒரு பெண் குழந்தையின் மனசில் அழகு, காதல், சுதந்திரம் என்ற மூன்று சொற்களுக்கும் முதல் உருவம் எங்கிருந்து வந்து விழுகிறது என்று யோசித்தால் இந்த அலட்சியம் நிற்காது. நம் கவிதைகள் அந்த வயசில் அவளை எட்டுவதில்லை. எட்டுவது பெரிய கண்ணும் சிற்றிடையுமாக வரும் ஒரு வெள்ளைக்கார ராஜகுமாரி. அவள் தமிழ் பேச ஆரம்பித்தும் நாளாகிவிட்டது. ‘ஃப்ரோஸன் 2’ 2019-ல் தமிழில் வந்தபோது எல்ஸாவுக்கு ஸ்ருதி ஹாசன் குரல் கொடுத்தார். காரைக்குடிப் பக்கத்து நாச்சியாபுரத்தில், தாத்தா காலத்து வளவில், தேக்குத் தூணில் சாய்ந்துகொண்டு ஒரு சிறுமி செல்போனில் அவளைப் பார்க்கிறாள். ஆக இது நம் விஷயம்தான்.

இந்த ராஜகுமாரிகளைப் பற்றி மேற்கே நடக்கும் விவாதம் பெரும்பாலும் ஒரே தடத்தில் போகிறது. பழைய இளவரசிகள், அதாவது 1937-ன் ஸ்னோ ஒயிட், 1950-ன் சிண்ட்ரெல்லா, 1959-ன் உறங்கும் அழகி அரோரா, எல்லோரும் செயலற்றவர்கள், இளவரசனுக்காகக் காத்துக் கிடந்தவர்கள் என்பது குற்றச்சாட்டு. 1989-ன் ஏரியலில் தொடங்கி மூலான், மெரிடா, எல்ஸா, மோவானா வரை வரவரத் தைரியசாலிகளாகி, கடைசியில் இளவரசனே வேண்டாம் என்று நின்றுவிட்டார்கள் என்பது பதில். நிறுவனம் இதை ஒரு வளர்ச்சிச் சரித்திரமாகவே சந்தையில் வைக்கிறது. நம் பத்திரிகைகளும் அதை மொழிபெயர்த்துத் தருகின்றன. இளவரசன் உண்டா இல்லையா என்பதை வைத்துச் சுதந்திரத்தை அளக்கும் இந்த அளவுகோல் எனக்குப் போதவில்லை. அவளுக்குத் தெரியாமல், அவளுடைய சம்மதம் இல்லாமல் அவளுக்கு ஒன்று நடந்துவிட்டபின் அவள் கண் விழிக்கிறாளே, அந்தக் கணத்தில் அவளுக்கு என்ன அனுமதிக்கப்படுகிறது என்பதே சரியான கேள்வி என்று எனக்குப் படுகிறது.

உறங்கும் அழகியின் கதைக்கு ஒரு பூர்வீகம் உண்டு. நேப்பிள்ஸ்காரரான பாஸிலே எழுதி, அவர் இறந்தபின் 1634-36-ல் அச்சான தொகுப்பில் அவள் பெயர் தாலியா. வேட்டைக்கு வந்த ராஜா ஒருவன் தூங்குகிறவளைப் பார்க்கிறான், எழுப்பிப் பார்க்கிறான், எழவில்லை. எழாதவளைப் புணர்ந்துவிட்டுத் தன் ஊருக்குப் போய் மறந்தும்விடுகிறான். ஊரில் அவனுக்கு ஏற்கெனவே ஒரு ராணி. தாலியா தூக்கத்திலேயே இரட்டைப் பிள்ளை பெறுகிறாள். பாலுக்கு அலையும் குழந்தை அவள் விரலைச் சப்ப, விரலில் தைத்திருந்த நார்த்துணுக்கு வெளியே வருகிறது, விழிக்கிறாள். 1697-ல் பெரோ இதைப் பிரெஞ்சு அரசவைக்கு ஏற்ற மாதிரி அலசிக் காயப்போட்டார்: இளவரசன் பக்கத்தில் வந்து மண்டியிடுகிறான், சாபத்தின் கெடு முடிந்து அவளாகவே விழிக்கிறாள். 1812-ல் கிரிம் சகோதரர்கள் தொகுப்பில் முத்தம் வருகிறது. ஸ்னோ ஒயிட் கதையில் கிரிம்முக்கும் முத்தம் கிடையாது. சவப்பெட்டியைத் தூக்கிப்போகிறவர்கள் தடுக்கி, அந்தக் குலுக்கலில் தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளியே வந்து விழுகிறது. அங்கேயும் முத்தத்தைக் கொண்டுவந்து வைத்தது 1937-ன் படம்.

முந்நூறு வருஷத்தில் ஒரு பலாத்காரம் முத்தமாகத் தேய்ந்திருக்கிறது. இதை நாகரிகம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் குற்றம் தேயத் தேய, குற்றத்துக்கு ஆளானவள் பேசவேண்டிய பேச்சும் தேய்ந்துவிட்டது. 1959-ன் படத்தில் அரோரா விழித்தபின் ஒரு வார்த்தை பேசுவதில்லை. சிரிக்கிறாள், மாடிப்படியில் இறங்கி வருகிறாள், நடனமாடுகிறாள். படம் அவள் பெயரில் ஓடுகிறது. விழித்தவளுக்கு வசனம் இல்லை. கார்மென் ஃபாட், கேரன் ஐசன்ஹவர் என்ற இரண்டு மொழியியலாளர்கள் இந்தப் படங்களில் யார் எவ்வளவு பேசுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்து 2016-ல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. அதன்படி ‘உறங்கும் அழகி’யில் பேச்சில் 71 சதவீதம் பெண்களுடையது. தேவதைகளும் சூனியக்காரியும் பேசித் தீர்க்கிறார்கள். அழகி வாய் திறப்பதில்லை. விடுதலைபெற்ற புது யுகத்தின் தொடக்கம் என்று சொல்லப்படும் 1989-ன் ‘கடல்கன்னி’யில் 68 சதவீதம் ஆண்களின் பேச்சு. அதன் நாயகி ஏரியல், கால் வேண்டும் என்பதற்காகக் குரலை விலையாகக் கொடுத்தவள். இந்தக் கணக்கு அதற்கு அடிக்குறிப்பு போல இருக்கிறது.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். தூங்குகிறவளிடம் ஒருவன் போகும் கதை நமக்கு வெகுநாளாகத் தெரிந்ததுதான். ‘அல்லியரசாணி மாலை’ பெரிய எழுத்துப் புத்தகமாக, புகழேந்திப் புலவர் பெயர் போட்டு, மலிவுக் காகிதத்தில் திரும்பத் திரும்ப அச்சானது. நளவெண்பா எழுதிய கைக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்க முடியாது என்பது நாலு வரி படித்தாலே தெரியும். பண்டிதர்கள் இதைத் தொடவில்லை. மத்தியானத்தில் வேலை ஓய்ந்த பெண்கள், எழுத்துத் தெரிந்த ஒருத்தி ராகம் போட்டு வாசிக்க, சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். அல்லிப் பூவில் கிடைத்த குழந்தை. மதுரையைப் பறித்துக்கொண்டவனை வென்று தானே ஆட்சிக்கு வருகிறாள். அவள் படை பெண்களின் படை. அவள் இருக்குமிடத்தில் ஆணுக்கு இடமில்லை. அர்ஜுனன் அவளை விரும்புகிறான், கிட்டே நெருங்க முடியவில்லை. கிருஷ்ணன் பாம்பாட்டியாகிறான், அர்ஜுனன் பாம்பாகிறான். பாம்பு அந்தப்புரத்துக்குள் போகிறது. அல்லி தூங்கும்போது அவள் கழுத்தில் தாலி ஏறுகிறது.

பாஸிலேயின் ராஜாவுக்கும் இந்த அர்ஜுனனுக்கும் அதிக தூரம் இல்லை. ஊரில் ஏற்கெனவே பெண்டாட்டி இருப்பது உட்பட. ஆனால் அல்லி விழிப்பது வேறு மாதிரி. கழுத்தில் கிடப்பதைப் பார்த்ததும் அவளுக்கு வருவது கோபம். யார் இதைச் செய்தது என்று சீறுகிறாள், செய்தவனைக் கொல்லத் துணிகிறாள், படை கிளம்புகிறது. நம் கதைப்பாடல், தாலி என்கிற புனிதத்தையே வைத்துக்கொண்டு, அதைத் திருட்டுச் செயலின் அடையாளமாக ஒரு கணம் காட்டிவிடுகிறது. அந்தக் கணத்தை எழுதியவன் பெரிய புரட்சிக்காரன் இல்லை. கதை போகிற போக்கில் அது நேர்ந்துவிட்டது. இருந்தும் அந்தக் கோபத்தை அவன் மறைக்கவில்லை, சிரிப்பாக மாற்றவில்லை. இதைத்தான் நான் கலையின் நேர்மை என்பேன்.

கதை கல்யாணத்தோடு முடிவதுமில்லை. ஐரோப்பியக் கதை ‘அதன்பின் சுகமாக வாழ்ந்தார்கள்’ என்று கதவைச் சாத்துகிற இடத்தில் நம் கதை அடுத்த புத்தகத்துக்குப் போகிறது. மகன் புலந்திரன் பவளத்தேர் கேட்கிறான். பவளம் கொண்டுவரப் போன அர்ஜுனன் பவளக்கொடியைக் கல்யாணம் செய்துகொண்டு வருகிறான். அல்லி மறுபடியும் சண்டைக்கு நிற்கிறாள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) இதை மேடைக்குக் கொண்டுவந்தார். இசைநாடகத்தில் தர்க்கம் என்று ஒரு பகுதி உண்டு; ‘பவளக்கொடி’யில் அல்லியும் அர்ஜுனனும் மோதும் தர்க்கம் விடிய விடிய நீளும், கோயில் திருவிழாப் பந்தலில் ஜனம் அதற்காகவே காத்திருக்கும். நடிகை வாய்ப்பேச்சில் கெட்டிக்காரியாக இருந்தால் அர்ஜுனன் வேஷக்காரர் பாடு திண்டாட்டம்தான். அரோராவின் மௌனத்துக்கு எதிரே இந்தத் தர்க்கத்தை வைத்துப் பார்க்கவேண்டும்.

இதில் எங்கள் சீமைக்கு ஒரு சொந்தம் உண்டு. காரைக்குடி ஏ.வி. மெய்யப்பன் முதன்முதலில் எடுத்த பேசும்படம் 1935-ன் ‘அல்லி அர்ஜுனா’. கல்கத்தாவில் எடுத்தார்; தோற்றது. பிற்பாடு ஏ.வி.எம். என்று பெயர் பெற்ற சாம்ராஜ்யத்தின் முதல் அடி, ஆண் வாடை ஆகாது என்று சொன்ன ஒரு ராணியின் மேல் வைத்த அடி. அதற்குப் பின் வந்த தமிழ் சினிமா அல்லியை மறக்கவில்லை, மாற்றிக்கொண்டது. திமிர் பிடித்த பணக்காரப் பெண்ணைக் கதாநாயகன் அடக்கி, கன்னத்தில் அறைந்து, கடைசியில் குங்குமம் வைத்துக் காலில் விழச் செய்யும் ஐம்பது படங்களில் இருப்பது அல்லிதான். அவளுடைய கோபத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு இருந்த நியாயத்தை வெட்டி எறிந்துவிட்டார்கள்.

இங்கே நான் பழம்பெருமை பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கதைப்பாடலும் அர்ஜுனன் கட்சிதான். கடவுளே பாம்பாட்டியாகி ஒத்தாசை செய்யும்போது அல்லி எப்படி ஜெயிப்பாள்? அவளை அடக்குவதில் சொல்கிறவனுக்கு ஒரு குஷி இருக்கத்தான் செய்கிறது. தமிழ்ப் பேச்சில் அவள் மிச்சமாக நிற்பது ஒரு கேலியில். பெண் சொல் எடுபடும் வீட்டையோ ஆபீஸையோ ‘அல்லி ராஜ்யம்’, ‘அல்லி தர்பார்’ என்கிறோம். இந்தக் கேலியை எங்கள் ஊர்களில் வைத்துப் பார்த்தால் அதன் உள்ளே இருக்கும் பயம் தெரியும். ஆண்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்கப் போய் வருஷக்கணக்காகத் திரும்பாத காலத்தில், இந்த நூறு ஜன்னல் வீடுகளை நடத்தியவர்கள் ஆச்சிமார். வரவு செலவு, பிள்ளைகள், விசேஷம், வழக்கு எல்லாம் அவர்கள் கையில். பெண்ணுக்கு வந்த சீதனப் பணம் ‘ஆச்சிமார் பணம்’ என்று தனியாகவே கணக்கில் ஏறியது. அப்படி இருந்தும் முகப்பில் மாட்டியிருக்கும் படங்களில் கோட்டும் தலைப்பாகையுமாக ஆண்கள்தான் பெரிதாக உட்கார்ந்திருக்கிறார்கள். அல்லி ராஜ்யம் நடந்தது. அல்லி என்று பெயர் சொல்லத்தான் கூடாது.

மேலே சொன்ன சிறுமி என் அக்காள் பேத்தி. ஒரு சாயங்காலம் அவளுக்கு அல்லி கதையைச் சொல்லிப் பார்த்தேன். பாம்பு வரையில் ரசித்தாள். தாலி வந்ததும் நிறுத்தினாள். “தூங்கிக்கிட்டிருக்கப்ப கட்டிப்புட்டா அது செல்லுமா ஐயா?” என்றாள். “கதையில செல்லும் ஆத்தா” என்றேன். 1955-ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டம் பலவந்தத்தாலோ வஞ்சகத்தாலோ பெற்ற சம்மதத்தின் மேல் நடந்த கல்யாணத்தைக் கோர்ட்டில் ரத்து செய்ய இடம் தருகிறது. அதை ஏழு வயசுக் குழந்தையிடம் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வி அவளுக்கு அரோராவைப் பார்த்தபோது தோன்றவில்லை என்பதை நான் கவனித்தேன். அங்கே கேள்விக்கு இடம் வைக்காமல் சங்கீதம் நிரப்பிவிடுகிறது. அல்லி கதையின் கொச்சைத்தனம் கேள்விக்கு இடம் விடுகிறது.

அழகு பற்றி. ஸ்னோ ஒயிட் கதையில் கண்ணாடிதான் நீதிபதி. யார் அழகி என்பது தெரிந்தால் யார் நல்லவள் என்பதும் தெரிந்துவிடும். இந்தச் சமன்பாட்டைப் புது இளவரசிகளும் கலைக்கவில்லை. 2012-ன் ‘பிரேவ்’ படத்து மெரிடா சுருட்டை முடியும் உருண்டை முகமுமாக, வில்லெடுத்துத் தன் கையைத் தானே சுயம்வரத்தில் வென்றுகொண்ட பெண். மறு வருஷம் அவளை அதிகாரபூர்வ இளவரசி வரிசையில் சேர்த்தபோது நிறுவனம் புதிதாக ஒரு படம் வரைந்தது. இடை மெலிந்துவிட்டது, கழுத்து இறங்கிவிட்டது, வில்லைக் காணோம். அவளைப் படைத்த பிரெண்டா சாப்மன் பகிரங்கமாகக் கண்டித்தார். இரண்டு லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். கதை கொடுத்த சுதந்திரத்தைக் கடை திருப்பி வாங்கிக்கொண்டது என்று இதை வாசிக்கலாம். எல்ஸா விஷயம் இன்னும் நுட்பம். 2013-ன் படத்தில் அவள் பயத்தை உதறும் காட்சி மெய்யாகவே நல்ல காட்சி. ஆனால் உள்ளே நடக்கும் அந்த மாற்றத்துக்குப் படம் கண்டுபிடித்த படிமம் ஒரு புது உடுப்பு. கொண்டை அவிழ்கிறது, பளபளக்கும் கவுன் வருகிறது, நடை மாறுகிறது. சுதந்திரம் வந்தால் அது கண்ணாடிக்கும் பிடிக்கவேண்டும் என்பது நிபந்தனை.

நம் பக்கத்தில் இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. ஏ.கே. ராமானுஜன் எடுத்துக்காட்டிய ஒரு கன்னடக் கதை, ஹஞ்சி என்ற பெண்ணின் கதை, சிண்ட்ரெல்லாவுக்கு நெருங்கிய உறவு. அதில் பெண்ணின் பொன்முடியைக் கண்டு சொந்த அண்ணனே ஆசைப்படுகிறான். தாய் அவள் முகத்துக்கு மண்முகமூடி போட்டு வீட்டைவிட்டு அனுப்புகிறாள். சமையலின் ருசியில்தான் அவள் முதலில் வெளிப்படுகிறாள். அழகு பரிசு வாங்கித் தரும் பொருள் என்று சிண்ட்ரெல்லா சொல்கிறது. அழகு ஆபத்து, அதை மறைத்துக்கொண்டுதான் உயிர்வாழ வேண்டும் என்று ஹஞ்சி சொல்கிறது. பஸ்ஸில் போய் வரும் எந்தப் பெண்ணிடம் கேட்டாலும் இரண்டாவதுதான் யதார்த்தம் என்பாள்.

எங்கள் ஜில்லாவின் மெய்யான ராணியையும் இதே இடத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். வேலு நாச்சியார் பிறந்தது 1730 என்கிறார்கள். 1772-ல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கும்பெனிப் படையால் கொல்லப்பட்டார். எட்டு வருஷம் விருப்பாச்சிப் பக்கத்தில் தங்கி, ஹைதர் அலியின் துணை தேடி, 1780-ல் சிவகங்கையை மீட்டபோது அவளுக்கு வயசு ஐம்பது. நான் பார்த்த சுவரொட்டிகளிலும் காலண்டர்களிலும் அவளுக்கு இருபத்தைந்துக்கு மேல் இல்லை. ஐம்பது வயசு விதவை குதிரையேறிவரும் உருவத்தை நம் ரசனையால் தாங்க முடியவில்லை. 2014-ல் மோஷன் கேப்சர் தந்திரத்தில் எடுத்த ‘கோச்சடையான்’ படத்து இளவரசிக்கு வைத்த பெயர் வதனா. வதனம் என்றால் முகம். அந்த ஒரு பெயரில் எல்லாம் அடங்கிவிட்டது. டிஸ்னியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

காதல் விஷயத்தில் ‘ஃப்ரோஸன்’ ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது, அதை மறுக்கக்கூடாது. பார்த்த அன்றே கல்யாணம் என்பதை அது கேலி செய்கிறது. அந்த இளவரசன் துரோகியாகிறான். கடைசியில் முத்தமிட விரும்புகிறவன் அன்னாவிடம் கேட்டுவிட்டு முத்தமிடுகிறான். தாலியாவிலிருந்து அந்த ஒரு கேள்விக்கு வந்து சேர ஏறக்குறைய முந்நூற்றெண்பது வருஷம் பிடித்திருக்கிறது. ஆனால் எல்ஸாவின் சுதந்திரத்துக்கு எதிரே யார் நிற்கிறார்கள்? அவள் பயம்தான் நிற்கிறது. அவளைப் பூட்டிவைத்த அப்பா நல்லவர், அன்பானவர், செத்தும் போய்விட்டார். கோபப்படுவதற்கு ஆளே இல்லாத உலகத்தில் அவளை விடுதலை செய்திருக்கிறார்கள். விரலசைத்தால் மாளிகை எழும்புகிறது. அதற்குக் கொத்தனார் வேண்டாம், கடன் வேண்டாம். தனக்குள்ளேயே ஜெயித்துக்கொள்ளக் கூடிய, சொத்து, சட்டம், புருஷன், ஊர் எதனோடும் மோதவேண்டாத சுதந்திரம் இது. சந்தைக்கு இதைவிட வசதியான சுதந்திரம் கிடையாது. அந்தப் படத்திலும் பேச்சில் 59 சதவீதம் ஆண்களுடையது என்கிறது மேற்சொன்ன கணக்கு.

ஜெயிக்கும் எல்ஸாவைவிடத் தோற்கும் அல்லி எனக்குப் பெரியவளாகப் படுவது இதனால்தான். அல்லிக்கு எதிரே மெய்யான எதிரிகள் இருக்கிறார்கள். கடவுள் இருக்கிறார், தாலி இருக்கிறது, பிறந்த பிள்ளை இருக்கிறான், பவளக்கொடி இருக்கிறாள். அவள் தோல்வியில் நம் வீடுகளின் நிலப்படம் இருக்கிறது. பொய்யான வெற்றியைக் குழந்தைக்குக் கொடுப்பதா, உண்மையான தோல்வியைக் கொடுப்பதா என்று என்னைக் கேட்டால் இரண்டாவதைக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல முயல்வேன். பதில் தெரியாவிட்டாலும் குற்றமில்லை.

எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தொட்டு எழுப்பப்பட்ட பெண்ணின் கதை நம் நவீன இலக்கியத்தில் ஒருமுறை அசாத்தியமாக எழுதப்பட்டிருக்கிறது. 1943-ல் புதுமைப்பித்தன் ‘சாபவிமோசனம்’ எழுதினார். கல்லாக உறைந்து கிடந்த அகலிகை ராமன் பாதம் பட்டு எழுகிறாள். புராணம் அங்கே முடித்துக்கொண்டது. புதுமைப்பித்தன் அங்கேதான் தொடங்கினார். எழுந்தவள் வாழ்ந்து பார்க்கிறாள், ஊர்ப்பார்வையைச் சகித்துப் பார்க்கிறாள். தன்னை எழுப்பிய அதே ராமன் சீதையைத் தீக்குளிக்கச் செய்தான் என்று சீதையின் வாயாலேயே கேட்டபின் திரும்பவும் கல்லாகிறாள். அரோராவுக்குக் கொடுக்கப்படாத ‘விழித்தபின்’ என்பது அந்தக் கதை முழுக்க இருக்கிறது. அகலிகைக்குக் கிடைத்த எழுத்தாளன் அல்லிக்கும் கிடைக்கவேண்டும். பாம்பு, பாம்பாட்டி, மந்திரம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, விடிந்து கண் திறந்து கழுத்தில் கையை வைத்துப் பார்க்கும் அந்த ஒரு நிமிஷத்திலிருந்து யாராவது தொடங்க வேண்டும்.